நான்காம் வாசலில் சிவப்பு

"உன் கூடப்பிறந்தவனே வந்தாலும் நிறுத்துவியா?" வேலைக்கு எடுத்தபோது மேற்பார்வையாளர் கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கொள்ளைநோய்க்குப் பிறகு கால்பந்து மைதானத்துக்குள் ரசிகர்களை விட்ட முதல் நாள் அது. நான்காம் வாசலில் காய்ச்சல் பார்ப்பது அவள் வேலை. கருவியில் பச்சை எரிந்தால் உள்ளே விடுவாள். சிவப்பு எரிந்தால் வீட்டுக்கு அனுப்புவாள். சில கில்லாடிகள் நெற்றியில் ஐஸ் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். அதனால் ஈர நெற்றியைக் கண்டால் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பாள்.

அண்ணன் வந்தான். நெற்றியில் தண்ணீர் சொட்டியது.

"கையை நீட்டுண்ணே."

"என்கிட்டயேவா உன் அதிகாரம்?"

கையை இழுத்து வைத்துப் பார்த்தாள். சிவப்பு எரிந்தது.

"அப்பாவைப் பறிகொடுத்தது போதும்ணே. வீட்டுக்குப் போ."

"தங்கச்சியே விரட்டுறாடா!" என்று பின்னால் ஒருவன் கெக்கலித்தான்.

அண்ணன் ஓங்கி அறைந்தான். அவள் உதடு கிழிந்தது. அப்படியும் அவள் வழிவிடவில்லை. அவள் கழுத்தைப் பிடித்துத் தடுப்புக் கம்பியில் மோதவிட்டான். கூட்டம் முண்டியதில் கம்பி சரிந்து அவள் விரல்களை நசுக்கியது. இன்னொரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அவன் விலாவில் உதைத்தான். ஓடிவந்த காவலரின் தடி அவன் மண்டையில் விழுந்தது. காவலர் அவன் காலரைப் பிடித்துக்கொண்டார்.

"இவன்தானே உன்னை அடிச்சான்? உள்ள தள்ளிடவா?"

"அதை விடுங்க சார்," என்றாள் அவள், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "காய்ச்சல் இருக்கு. மைதானத்துக்குள்ள மட்டும் விட்றாதீங்க."

காவலர் பிடியைத் தளர்த்தினார். அண்ணன் நசுங்கிய அவள் விரல்களைப் பார்த்தான். பிறகு தெருப்பக்கம் திரும்பி நடந்தான்.