கதம்ப பாட்டில்

என் மகள் நர்ஸ் படிப்புக்காக விடுதியில் சேர்ந்த அன்று, கேட் அருகே என் காதோடு சொன்னாள்: "அம்மா, கொஞ்சம் கம்மியா பூசிட்டு வந்திருக்கக் கூடாதா? எல்லாரும் பாக்கிறாங்க."

பார்க்கத்தானே பூசுகிறோம்? பெரிய கடையொன்றில் க்ரீம், பவுடர் விற்கும் கவுண்டரில் நிற்பவள் நான். விற்கிற சாமான் முகத்தில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எனக்கு வாய் நீளம்தான். ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என்னைக் கட்டிக்கொள்ளாமலே உள்ளே போய்விட்டாள்.

அதுவரை அவள் அப்படியில்லை. வேலை முடிந்து வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து என் கழுத்தில் மூக்கைப் புதைத்து ஒரு இழுப்பு இழுப்பாள். தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் அதே கதைதான். "போடி எருமை, கனக்குது" என்று தள்ளிவிடுவேன். அப்படித் தள்ளிய கையை என்ன செய்தால் தகும்?

அவள் போனபிறகு போனில் பேச்சே இல்லை. "ம்", "சாப்ட்டேன்", "வெச்சிடறேன்", அவ்வளவுதான். என் பூச்சுதான் எங்களுக்கு நடுவே சுவராக நிற்கிறது என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டிவிட்டால் யார் சொன்னாலும் கேட்கிற ரகமில்லை நான்.

ஒரு லீவு நாளில் குளியலறை அலமாரியைத் துடைத்தெடுத்தேன். க்ரீம், தலைச்சாயம், பவுடர், கடைசியில் கதம்ப பாட்டில். எங்கள் கவுண்டரில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்கள் தொட்டுப் பார்க்க வைத்திருக்கும் லோஷன் பாட்டில் அடியைத் தொட்டால், அதை வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நான் எல்லா மிச்சத்தையும் ஒரே பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி வைப்பேன். ரோஜாவின் மேல் எலுமிச்சை, எலுமிச்சையின் மேல் சந்தனம், அதற்கு மேல் வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ ஒரு பூ. அது தீர்ந்ததே கிடையாது. அதைப் பூசிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் தும்முவார்.

அதையும் கவிழ்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சாக்கடைக்கு வந்த வாழ்வப் பாரு!" என்றார்.

அதன்பின் முகத்துக்குக் கடலை மாவும் தண்ணீரும், தலைக்குத் தேங்காய் எண்ணெய். நரை தன் இஷ்டத்துக்கு வெளியே வந்தது. "யாரும்மா நீங்க? என் பொண்டாட்டி வீட்ல இல்லையே" என்று இவர் கேலி செய்தார். கடையில் சூப்பர்வைசர் கேலி செய்யவில்லை. "இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு யாருக்கு க்ரீம் விக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அட்டைப்பெட்டியில் விலைச்சீட்டு ஒட்ட என்னைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டாள். போனால் போகட்டும் என்று போனேன்.

முகம் லேசாக இருந்தது, அது உண்மை. ஆனால் காலையில் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே நினைப்புதான்: அவள் வந்து இந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுக் கழுத்தில் மூக்கை வைக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மூக்குக்காக ஏங்கிப்போய்க் கிடந்தேன்.

விடுமுறைக்கு வந்தாள். பையைத் தரையில் போட்டுவிட்டு நேரே வந்து கழுத்தில் மூக்கை வைத்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நொடி முகத்தை எடுத்துவிட்டாள். தோளை மோந்தாள், முடியை மோந்தாள், மறுபடி கழுத்துக்கு வந்தாள்.

"என்னம்மா, ஒண்ணும் போடறதில்லையா?"

"எல்லாத்தையும் விட்டுட்டேன். பாரு, இதுதான் உங்கம்மாவோட நிஜ மூஞ்சி."

"கதம்பம்?"

"கொட்டிட்டேன்."

அவள் குனிந்து பையைத் திறந்து, ஒரு சின்ன இருமல் மருந்து பாட்டிலை எடுத்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"போகும்போது உன்னக் கேக்காம கொஞ்சம் ஊத்திட்டுப் போனேன். தலகாணில ஒரு சொட்டு விட்டாத்தான் தூக்கம் வரும். தீந்துபோச்சு. ரொப்பிக்கலாம்னு வந்தேன்."

"நீதானடி கம்மியா பூசச் சொன்ன?"

"மூஞ்சிக்குத்தானம்மா சொன்னேன்!"

"அப்ப போன்ல ஏன் பேசவே மாட்டேங்கிற?"

"பேசினா அழுதுடுவேன்."

கடையில் புதிதாக வாங்கித் தருகிறேன் என்று வாயெடுத்தேன். எதை வாங்குவது? இத்தனை வருஷத்து மிச்சத்தை எந்தக் கடையில் விற்கிறார்கள்? அது அவளுக்கும் தெரிந்திருந்தது. மூடியைத் திருகி பாட்டிலைப் பைக்குள் வைத்தாள்.

பிறகு திரும்ப வந்து என் கழுத்தில் மூக்கைப் புதைத்தாள். அங்கே தேங்காய் எண்ணெயும் வேர்வையும் கிடங்குத் தூசியும் தவிர வேறொன்றுமில்லை என்று எனக்கே தெரியும். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். உண்மையிலேயே கனத்தாள். நான் தள்ளவில்லை.

"என்னடி பண்ற?"

"இரும்மா, பழகிக்கிறேன்."