பக்கத்துக் குழி

அச்சகக்காரரை அடக்கம் செய்த மறு வாரம் அவருடைய கல்லறையிலிருந்து குறட்டைச் சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் கேட்டவர் குழிவெட்டுகிறவர். மதியச் சாப்பாட்டை முடித்துக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவர், எவனோ குடித்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கிடக்கிறான் என்று நினைத்து, குச்சியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டம் முழுக்கத் தேடினார். ஆளைக் காணோம். சத்தம் மட்டும் புது மண்மேட்டுக்கு அடியிலிருந்து, மரம் அறுக்கிற ரம்பம் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. போய்ப் போதகரிடம் சொன்னார். போதகர் வந்து கேட்டார். அப்புறம் ஊரே வந்து கேட்டது. நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்து, ஆளை உயிரோடு புதைத்துவிட்டீர்களா என்று கத்தி, எல்லார் முன்னாலும் குழியைத் திறக்க வைத்தார். செத்தவர் செத்தபடிதான் இருந்தார். அதில் யாருக்கும் சந்தேகம் வராத நிலையில் இருந்தார். குறட்டையும் வந்துகொண்டிருந்தது. கூட வந்த டாக்டர் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்து கேட்டுவிட்டு, இறந்தவருக்கு மூக்குத் தண்டு கொஞ்சம் வளைந்திருக்கலாம் என்றார். மறுபடியும் மூடினார்கள். அந்த வாரம் சர்க்கரை விலை ஏறியது; அதைப் பற்றிப் பேச ஊரில் ஆளே இல்லை.

எல்லாரும் மூக்கின்மேல் விரல் வைத்து நின்றபோது நம்பாமல் நின்றவள் ஒரே ஒருத்தி, செத்தவரின் மனைவி. மெத்தையும் தலையணையும் தைப்பது அவள் தொழில். ஊரில் தலையணைக்காரி என்றால்தான் தெரியும். வெளுத்ததெல்லாம் பால் என்று எண்ணுகிற ரகம் இல்லை. பஞ்சு மூட்டை வந்து இறங்கினால் மேலே தெரிவதைப் பார்த்துத் தலையாட்டமாட்டாள். முழங்கை வரை கையை விட்டு, அடியில் இருப்பதைப் பிடுங்கி, ஈரம் ஏற்றியிருக்கிறதா, கொட்டை கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். பால்காரரையும் நம்பியதில்லை, மழை வரும் என்று சொல்லும் வானொலியையும் நம்பியதில்லை. நம்பிய ஒரே ஆள் புருஷன். அதுவும் அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் துப்பில்லை என்பது அவளுடைய தீர்மானம். மண்ணில் காதை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு போதகரைப் பார்த்தாள்.

"உடம்பு அவரோடதுதான் ஐயா. என் கையால சட்டை போட்டு விட்டேன். ஆனா இந்தச் சத்தம் அவரோடது இல்ல. முப்பது வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன், ஒரு நாள் குறட்டை விட்டதில்ல. ஊசி விழுந்தா முழிச்சுக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?"

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இல்லை. ஏனென்றால் அச்சகக்காரருக்குப் பக்கத்துக் குழி அவளுக்காக வாங்கிப் போட்டது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய், நிழல் விழுகிற இடமாகப் பார்த்துப் பேசி முடித்த ஜோடிக் குழி. இப்போது அந்த உடம்புக்குள் வேறு எவனோ புகுந்து தூங்குகிறான் என்றால், கடைசி எக்காளம் தொனிக்கும் நாளில் அந்த உடம்போடு எழுந்திருக்கப் போவது யார்? "முன்ன பின்ன தெரியாத ஆம்பளை பக்கத்துல நியாயத்தீர்ப்பு நாள் வரைக்கும் நான் எப்படி ஐயா படுப்பேன்?" என்று அவள் கேட்டாள். போதகர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். போதாக்குறைக்கு, கல்லறைத் தோட்டத்தில் இடம் நிரம்பிக்கொண்டு வந்தது. அந்தக் குழிக்கு மறுபக்கத்தில் தாய் தகப்பனைப் புதைத்திருந்த ரொட்டிக் கடைக்காரர், தலையணைக்காரிக்கு வேண்டாமென்றால் தனக்குத் தரும்படி சபைக் கமிட்டியில் கேட்டு வைத்திருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் முடிவைச் சொல்லும்படி கமிட்டி அவளுக்குச் சொல்லியனுப்பியது.

போதகருக்கு அவருடைய தலைவலி. விசுவாசிகள் கண்ணை மூடின அந்த நிமிஷமே ஆண்டவரிடத்தில் போய்விடுகிறார்கள் என்றும், ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கே அன்றைக்கே பரதீசு கிடைத்தது என்றும் அவர் அந்தக் குழியின் ஓரத்தில் நின்றுதான் பிரசங்கம் பண்ணியிருந்தார். அச்சகக்காரர் பரதீசில் இருக்கிறவர் என்றால் இங்கே தூங்குவது யார்? சபை மூப்பருக்கு இது வாய்ப்பாகப் போயிற்று. செத்தவர்கள் எங்கேயும் போவதில்லை, எக்காளம் ஊதும் வரை மண்ணில் நித்திரைதான் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேனே, இப்போது காதாலேயே கேளுங்கள் என்றார். மேட்டுக் கோயில் கத்தோலிக்கர்கள் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. அது குறட்டையே இல்லை, மோட்சத்துக்கு முன்னால் பாவக் கறை தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஆத்துமா படுகிற வேதனையின் முனகல், ஜெபித்தால் குறையும் என்று கூட்டமாக வந்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். குறையவில்லை. இதற்கு நடுவில், வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்து மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், மகனுடைய கல்லறையில் நாள் முழுக்கக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, போதகர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். "என் பிள்ளை மண்ணுல சத்தமே இல்லையே ஐயா. அவன் தூங்கலையா? அப்ப எங்க போனான்?" என்று அவள் கேட்டபோது, போதகர் மூன்று விதமான பதிலையும் மனதில் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றையும் சொல்லாமல் கூடவே உட்கார்ந்திருந்தார். அவருடைய ஊழியத்திலேயே அன்றைக்குத்தான் அவர் உருப்படியாக ஒரு காரியம் செய்தார் என்று பின்னால் பலர் சொன்னார்கள்.

தலையணைக்காரி பரதீசையும் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் படித்தவர்களிடம் விட்டுவிட்டாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: யார் இது? அதில்தான் விவகாரம் விபரீதமாயிற்று. கல்லறைக்கு வந்த முடிதிருத்துகிறவர் கேட்ட மாத்திரத்தில், "அட, நம்ம அச்சகக்காரர்தான். சனிக்கிழமை சனிக்கிழமை என் நாற்காலியில உட்கார்ந்து இப்படித்தான் விடுவாரு" என்றார். பஸ் கண்டக்டர் வந்து, கடைசி சீட்டில் இந்தச் சத்தம் கேட்டால் டிக்கெட் கேட்டு எழுப்பமாட்டேன் என்றார். ஊரில் ஒவ்வொருத்தராக அந்தக் குறட்டையை அடையாளம் சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டினவளுக்கு மட்டும் அது அந்நியக் குறட்டை. எல்லாரும் கூடிப் பேசிவைத்துக்கொண்டு தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. அப்புறம் ஒரு நாள் மருந்துக்கடைக்காரி வந்தாள். தனியாக வாழ்கிறவள், வயது நாற்பதுக்கு மேல் இருந்தாலும் பார்க்க லட்சணமாக இருப்பாள். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "பாவம், அவரேதான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தலையணைக்காரி மருந்துக்கடைக்காரியை மேலும் கீழும் பார்த்தாள். நெருப்பில்லாமல் புகையுமா? வீட்டில் ஒரு நாளும் விடாத குறட்டையை இவள் எங்கே வைத்துக் கேட்டாள்? சண்டைக்குப் போகவில்லை, அவள் போகிற வழி வேறு. மறுநாள் மருந்துக்கடை வாசலில் நின்று, பஞ்சு மலிவாக வந்திருக்கிறது, உன் மெத்தையைப் பிரித்துத் தைத்துத் தருகிறேன், கூலிகூட வேண்டாம் என்றாள். படுத்த ஆள் பொய் சொல்லலாம், படுக்கை சொல்லாது. எத்தனை பேர் படுத்தார்கள், எந்தப் பக்கம் ஒருக்களித்தார்கள் என்பதெல்லாம் பஞ்சில் அமுங்கிக் கிடக்கும். மெத்தையைப் பின்னறையில் விரித்து, தையலைப் பிரித்து, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். நட்ட நடுவில் ஒரே ஒரு பள்ளம். ஓரங்களில் பஞ்சு வாங்கின அன்றைக்கு இருந்தது போலவே உப்பியிருந்தது. அந்த மெத்தையில் வருஷக்கணக்காக ஒருத்தி மட்டும்தான் படுத்திருக்கிறாள். தலையணைக்காரிக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. புதுப் பஞ்சு போட்டுத் தைத்தே கொடுத்தாள்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, ஊருக்கெல்லாம் மெத்தையைப் பிரித்துத் தைத்தவள் தன் மெத்தையை ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பிரித்தாள். அவளுடைய பக்கம் தொட்டில் மாதிரிக் குழிந்து கிடந்தது. அவருடைய பக்கத்தில் ஆள் படுத்த அடையாளமே இல்லை. தலைமாட்டில் ஒரு சின்னக் குழி மட்டும், கை முஷ்டி அளவுக்கு, அடித்துணி வரை ஆழமாக இறங்கியிருந்தது. அதில் தன் முழங்கையை வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. முழங்கையை ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, அந்த மனுஷன் முப்பது வருஷம் தூங்காமல் கிடந்திருக்கிறான். ஏன்?

அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர் அவருடைய கூட்டாளி. தலையணைக்காரி அங்கே போய் நின்றதும் அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. ராத்திரியில அவரு எதுக்குக் காவல் இருந்தாரு? யாரு வர்றதுக்கு?"

"யாரு வரப்போறாங்க அண்ணி, நீங்க வேற" என்று அவர் மென்று விழுங்கினார். அப்புறம் விடமாட்டாள் என்று தெரிந்து, பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு மூலையைக் காட்டினார். "மத்தியானம் இதுலதான் தூங்குவாரு. நாங்க மெஷினை நிப்பாட்டிட்டு வெளியில போயிருவோம். குறட்டை தாங்க முடியாது, பக்கத்து மருந்துக்கடை வரைக்கும் கேக்கும். கல்யாணம் ஆன புதுசுல நீங்க ஏதோ சொன்னீங்களாம்."

அவளுக்கு உடனே ஞாபகம் வரவில்லை. பாதி வழி நடந்த பிறகு, தெருவில் நின்றபடியே வந்தது. கல்யாணம் ஆன முதல் வாரம், படுக்கை விரிக்கும்போது, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்ன ஒரு பேச்சு. பிறந்த வீட்டில் ஒரே அறை. அவளுடைய அப்பாவின் குறட்டையில் வீட்டில் ஒருத்தரும் தூங்கியதில்லை. "குறட்டை விடுற ஆளோட இன்னொரு தடவை என்னால குடித்தனம் பண்ண முடியாது. நான் எங்கம்மா வீட்டுக்கே போயிருவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டு சரி என்றார். அவ்வளவுதான் நடந்தது. நடுத்தெருவில் நின்று அவள் அழுதாள். துக்கம் பாதி, கோபம் பாதி. பக்கத்தில் படுத்து முப்பது வருஷம் நடித்திருக்கிறானே பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனாள்.

ஆனாலும் அவள் தலையணைக்காரி. எழுத்துக் கோர்க்கிறவர் சொன்னதற்காக நம்பிவிடுவாளா? மறுநாள் மதியம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், குழிவெட்டுகிறவரைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, புருஷனுக்குப் பக்கத்தில் தனக்கென்று விட்டிருந்த இடத்தில் மண்ணோடு மண்ணாக நீட்டிப் படுத்தாள். குறட்டை சட்டென்று நின்றது. எழுந்து கேட் வரைக்கும் போனாள், மறுபடி தொடங்கியது. திரும்பி வந்து படுத்தாள், நின்றது. மூன்றாவது தடவை அவளுக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே இருப்பது பரதீசிலிருந்து வந்தவனும் இல்லை, உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து வந்தவனும் இல்லை. அது அவள் புருஷன்தான். மண்ணுக்கு அடியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி விழித்துக் கிடக்கிறார்.

"என்னங்க, நான் சும்மா சொன்னதுங்க அது. நீங்க தூங்குங்க. சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது" என்றாள். குறட்டை வரவில்லை. தினமும் வந்து சொன்னாள். கெஞ்சினாள், திட்டினாள், தூங்குவதுபோலக் கண்ணை மூடி நடித்தும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் வாயால் மரியாதைக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தாரோ என்னவோ, கடைசி வரை நம்பவில்லை. ஊரையே சந்தேகப்பட்டவளை அந்த ஒரு ஆள் சந்தேகப்பட்டார். மழைக்காலம் முடிந்தது. கமிட்டிக்கு முன்னால் போய், பக்கத்துக் குழியை ரொட்டிக் கடைக்காரருக்கே கொடுத்துவிடும்படியும், தனக்கு அந்தக் கோடியில், குழாயடிச் சுவரோரமாக ஓர் இடம் போதும் என்றும் சொன்னாள். மருந்துக்கடைக்காரி விஷயம்தான் காரணம் என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் மறுக்கவில்லை. எக்காளம் ஊத எத்தனை காலம் ஆகுமோ, அது வரைக்குமாவது அந்த மனுஷன் தூங்கட்டும் என்று போதகரிடம் மட்டும் சொன்னாள். போதகர் அதைப் பிரசங்கத்தில் சேர்க்கவில்லை.

அதன் பிறகு வருஷங்கள் போயின. ரொட்டிக் கடைக்காரர் அந்தக் குழிக்குப் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் குறட்டை தடையில்லாமல் ஓடியது. மூப்பரும் போனார், அவரிடமிருந்து சத்தமே வரவில்லை. ஒரு மழை நாளில் தலையணைக்காரியும் செத்தாள். பெட்டி கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் குறட்டை நின்றுபோனது. அவளைச் சுவரோரம் இறக்கி, மண் போட்டு, எல்லாரும் கலைந்து போன பிறகும் அது திரும்ப ஆரம்பிக்கவில்லை. அத்தனை தூரம் தள்ளிப் படுத்தும் பிரயோஜனம் இல்லாமல் போயிற்றே என்று போதகர் மனம் வருந்தினார்.

அந்த வாரம் முடிவதற்குள் சுவரோரத்திலிருந்து ஒரு குறட்டை எழுந்தது. அச்சகக்காரருடையது அதற்குப் பக்கத்தில் நிற்காது; பாரம் ஏற்றின லாரி மேடேறுவதுபோல அத்தனை பெரிய குறட்டை. குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள். எழுத்துக் கோர்க்கிறவரை அழைத்துக்கொண்டு வந்தார்கள். கிழவர் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார், அப்புறம் அழுதார்.

"அண்ணி குறட்டை விடுறது அண்ணனுக்குக் கல்யாணமான முதல் வாரமே தெரியும். அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதடா, தெரிஞ்சா அவ அப்புறம் வாழ்க்கையில தூங்கவே மாட்டான்னு சொன்னாரு."

அவர் சொல்லி முடிப்பதற்குள், தோட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பழைய குறட்டை மெதுவாகத் தொடங்கியது. இப்போதெல்லாம் அங்கே யாரை அடக்கம் செய்யக் கொண்டுவந்தாலும், போதகர் கொஞ்சம் உரக்கப் பேசுகிறார்.