இரண்டு எலிக்கூடுகள்

ஸைனம்பு வீட்டிலேயே மஸ்கட் அல்வா கிண்டி விற்பவள். அன்றைக்கு ஒரு நிக்காஹ் வீட்டுக்காக ஆறவைத்திருந்த தட்டில் எலி ஓடி, நடுவில் பல்லும் வைத்துவிட்டுப் போயிருந்தது. முழுத் தட்டையும் கொட்டிவிட்டு அழுதுகொண்டே மறுபடி கிண்டினாள். பின்னேரமே போய் ஒரு எலிக்கூடு வாங்கி வந்தாள்.

கருவாட்டுத் துண்டுக்கு எலி தவறாமல் விழுந்தது. கொல்லத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. விடிய சுபஹு தொழுதுவிட்டு, ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்து வீட்டு வளவுக்குள் திறந்துவிட்டு வந்துவிடுவாள்.

பக்கத்து வளவு ட்றெவருடையது. மெக்கானிக்காக இருந்து ஓய்வெடுத்த பறங்கிக்காரர். அவருடைய பழைய மொறிஸ் மைனரின் வயர்களை எலிகள் கடித்துப்போட்டதில், கார் கொட்டிலை விட்டு அசையவில்லை. அவரிடமும் ஒரு கூடு இருந்தது.

ஒருநாள் விடிய ஸைனம்பு கூட்டோடு கேற்றைத் திறந்தாள். அவளுடைய மதிலோரம் ட்றெவரும் கூட்டோடு குனிந்துகொண்டு நின்றார்.

 ட்றெவர் அவளுடைய கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த எலியின் வாலில் நீலப் பெயின்ற்.

"இது என்ட எலி" என்றார். "திரும்பி வருதோ எண்டு பாக்கிறதுக்காகப் பெயின்ற் தடவி விட்டனான்."

"எங்க விட்டீங்க ட்றெவரண்ணன்?"

அவர் மீசையைத் தடவினார். "உங்கட குசினிப் பக்கம்."

"அல்லாஹ்வே! அப்ப என்ட மஸ்கட்டக் கடிச்சது உங்கட எலிதானா?"

ஏசத்தான் வாயைத் திறந்தாள். கையில் கூட்டை வைத்துக்கொண்டு என்னத்தை ஏசுவது? சிரிப்பு வந்துவிட்டது. ட்றெவரும் சிரித்தார். சத்தம் கேட்டு வெளியே வந்த அவருடைய மனைவி லோர்னா, கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்தாள்.

"ரெண்டு பேரும் எலிக்குப் பயணம் காட்டிக்கொண்டு திரியிறீங்க. அதுகள் எங்க திண்டு கொழுக்குது எண்டு பாத்தீங்களா?"

பார்க்கத் தேவையில்லை. ஒழுங்கை நடுவில் நௌஷாட்டின் வெறுங்காணி கிடந்தது. அவன் கட்டாரில் வேலை செய்கிறான். எல்லா வீட்டுக் குப்பைப் பையும் அங்கேதான் போய் விழும்; கேட்டால் எல்லாரும் அடுத்த வீட்டைக் காட்டுவார்கள். பக்கத்தில் வாவிக்குத் தண்ணீர் ஓடவேண்டிய வடிகான் அடைபட்டு நாறியது.

அன்று பகல் லோர்னா நௌஷாட்டுக்கு வட்ஸ்அப்பில் கதைத்தாள். "துப்புரவாக்குங்க, என்னத்தையும் நடுங்க. எனக்குச் சந்தோசம்தான்" என்றான். லோர்னா வீடு வீடாகப் போய்ச் சனிக்கிழமை எல்லாரும் இறங்குவோம் என்று சொன்னாள். எல்லாரும் ஓம் என்றார்கள், சீதேவிப்பிள்ளையைத் தவிர.

சீதேவிப்பிள்ளையின் வீடு காணிக்கு நேர் எதிரே. குப்பை போடுகிறவர்களோடு கத்திக் கத்தித் தொண்டை வற்றியவள். ஒருமுறை ஸைனம்புவோடும் பெரிய சண்டை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"நீ போய்க் கேள்" என்றாள் லோர்னா.

ஸைனம்பு போனாள். சீதேவிப்பிள்ளை கோழிகளுக்குத் தீன் போட்டபடி, திரும்பாமலே கேட்டாள்: "இப்பதான் உங்களுக்கெல்லாம் மணக்குதோ?"

"நானும்தான் கொட்டினன் அக்கா. பால் பிழிஞ்ச தேங்காய்ச் சக்கை முழுக்க என்டதுதான். அண்டைக்கு நீங்க கேக்கக்குள்ள பொய் சொன்னன்."

சீதேவிப்பிள்ளை திரும்பினாள். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

"சக்கையா? அதை எலிக்குப் போட்டுப்போட்டு, இஞ்ச நான் கடையில கோழித்தீன் வாங்கிறன். என்னட்டத் தந்தா என்னவாம்?"

"நீங்க கதைக்கல்லியே அக்கா."

"நீ கதைச்சியா?"

சனிக்கிழமை முதல் ஆளாக மண்வெட்டியோடு நின்றது சீதேவிப்பிள்ளைதான். அன்று முழுக்க அவள் வைத்ததுதான் சட்டம். "அங்கால வெட்டு, இஞ்சால இழு" என்று எல்லாரையும் விரட்டினாள். பற்றைக்குள் கிடந்த பழைய மெத்தையைப் புரட்டியபோது எலிகள் நாலாபக்கமும் சிதறின. ட்றெவர் ஒரே பாய்ச்சலில் மதிலில் ஏறிவிட்டார். லோர்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் மண்வாரி கையிலிருந்து நழுவியது. மாநகரசபை ட்றக்டர் வந்து குப்பையை அள்ளிக்கொண்டு போனது. எலி வளைகளைக் கல்லும் சீமெந்தும் போட்டு அடைத்தார்கள். கானுக்குள் அடைந்து கிடந்த சேற்றையும் வாரி எடுத்தார்கள். பழைய எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு ட்றெவர் மூடி அடித்துக் கொடுத்தார். குப்பை இனி அதற்குள்தான்.

எலிகள் ஒரேயடியாகப் போய்விடவில்லை. இடைக்கிடை ஒன்று மதிலில் ஓடும். ஆனால் ஸைனம்பு மஸ்கட் தட்டைப் பயமில்லாமல் ஆறவைக்கிறாள். சக்கைச் சட்டி தினமும் சீதேவிப்பிள்ளையின் கோழிகளுக்குப் போகிறது. வெறுங்காணியில் பயிற்றங்காய்க் கொடி ஏறிவிட்டது.

மாரிகாலத்தின் முதல் பெருமழை ஒரு பின்னேரம் கொட்டியது. வழக்கமாக முழங்கால் வரைக்கும் தண்ணீர் நிற்கிற ஒழுங்கை. இந்தமுறை கான் வழியே தண்ணீர் இரைந்துகொண்டு வாவியை நோக்கி ஓடியது. அதைப் பார்க்கவென்றே ஒவ்வொருவராகக் குடையோடு வெளியே வந்தார்கள்.

"ஓடுற ஓட்டத்தப் பாருங்களன்" என்றார் ட்றெவர்.

"பாத்தது காணும், தேத்தண்ணி ஆறுது. வாங்க எல்லாரும்" என்று சீதேவிப்பிள்ளை தன் கேற்றடியில் நின்று கூப்பிட்டாள்.