மூன்று ஊரின் இடது கால்

மூன்று ஊர்களைச் சேர்த்து இனிமேல் ஒரே வட்டாரம் என்று மேலிடத்தில் அறிவித்துவிட்டார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாத ஊர்கள். ஒற்றுமைக்கு என்ன வழி என்று அலுவலகத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் வட்டாரத்துக்கென்று ஒரு பாரம்பரிய நடனம் வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பொறுப்பு பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் தலையில் விழுந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே வாத்தியம் விசில்.

ஆட ஆள் பிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அப்படியும் ஒரு பெண் குறைந்தது. "நான் வரேன்க்கா" என்றாள் டீச்சரின் தங்கை. சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்ததிலிருந்து அவளுக்கு இடது கால் இழுக்கும். வரிசையில் நின்று ஆடியபோது அவள் மட்டும் தனியாகத் தெரிந்தாள். அவளை நிறுத்த டீச்சருக்கு மனசு வரவில்லை. "எல்லாரும் இடது காலை இழுங்க" என்று சொல்லிவிட்டாள். பிரச்சினை தீர்ந்தது.

மாவட்ட நடனப் போட்டியில் முதல் பரிசு. அதோடு விட்டார்களா? ஆய்வாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஆற்றுச் சேற்றில் முன்னோர்கள் நடந்த நடைதான் இந்த இழுப்பு என்று புத்தகம் போட்டார். வட்டாரத்தில் ஆறே கிடையாது. வற்றிப்போயிருக்கும் என்று அதற்கும் ஓர் அத்தியாயம் எழுதினார். இழுப்பு முதலில் எங்களுடையதுதான் என்று மூன்று ஊரும் அடித்துக்கொண்டன. அடித்துக்கொண்ட சூட்டிலேயே சம்பந்தியும் ஆயின. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைகள் காலை இழுத்தார்கள். பேருந்து நிலைய வாசலில் காலை இழுத்தபடி ஒரு சிலை நின்றது. எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது நாம் எதற்கு இடையில் புக வேண்டும் என்று டீச்சர் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் பெருமையும் இல்லாமலில்லை.

பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பும் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வு மேசையில் ஆய்வாளர் நடுவில், டீச்சர் ஓரத்தில். தங்கையும் விண்ணப்பித்திருந்தாள். ஒரு தடவையாவது விமானம் ஏறிவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. புதுப் பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

அவள் ஆடி முடித்ததும் ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இழுக்கறது வேற, நொண்டறது வேற. நீங்க நொண்டறீங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "சார், இவ என் தங்கச்சி. இவ காலைப் பாத்துதான் இந்த ஆட்டத்தையே நான் கட்டினேன். ஆறும் இல்ல, சேறும் இல்ல" என்றாள்.

ஆய்வாளர் கோபப்படவில்லை. பாவம், கூடப்பிறந்த பாசம் என்பதுபோல் பார்த்தார்.

"அப்படியே இருந்தாலும் டீச்சர், இப்போ அது ஒருத்தரோட கால் இல்ல. மூணு ஊரோட கால்."

மேசையில் இருந்த மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

தங்கை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "மூணு ஊரோடதாவே இருக்கட்டும் சார். மழை பெஞ்சா எனக்கு மட்டும் ஏன் வலிக்குதுன்னு அடுத்த புத்தகத்துல எழுதிடுங்க."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் பின்னால் ஓடினாள். வாசலில் அடுத்து ஆட வேண்டிய பெண் நின்றிருந்தாள். உள்ளே போவதற்கு முன் ஒருமுறை பழகிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை அத்தனை சுத்தமாக இழுத்தாள். அவளுக்கு எங்கும் வலிக்கவில்லை.