நிறுத்துவதற்கு இரண்டு கை

நர்சம்மா தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தக் கை எங்க இருந்துச்சு தெரியுமா மேடம்? பெரியவரைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. மருந்து ஏற ஏறத் தூக்கித் தூக்கிப் போடுது அவருக்கு. விட்டா கட்டில்லேர்ந்து விழுந்துடுவார். இன்னொரு கையால அழுத்துறேன், அழுத்துறேன், உங்க மெஷின் நின்னாத்தானே!"

கட்டில் காலியாக இருந்தது. பெரியவர் இறந்துபோய் நாலு நாளாகிறது.

மருந்து ஏற்றும் அந்தப் பம்பின் திரையை வடிவமைத்தவள் கட்டிலின் மறுபக்கம் நின்றாள். அதற்கு முன் பதினோரு வருஷம் அவள் தகடு வெட்டும் பிரஸ்களுக்கு இன்ஜினியர். அங்கே இரண்டு பொத்தானையும் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், விரல் தப்பும். நிறுத்த மட்டும் ஒரே பொத்தான், முழங்கை பட்டாலே போதும். அதை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தாள். "போல்ட்டக்கா மூளையே மூளை" என்று, தொழிற்சாலையிலிருந்து வந்த அவளுக்கு அந்தப் பட்டப்பேர் வைத்த ஆபீஸ் மெச்சியது. மேனேஜர்தான் முகத்தைச் சுளித்தார்: "ஓட்ட ரெண்டு கை, நிறுத்த ஒரு கையா? எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டுமே." ஒரு நாள் முழுக்க வாதாடினாள். மறுநாள், நிறுத்தவும் இரண்டு கை என்பதற்குத் தலையாட்டிவிட்டாள்.

"வரைஞ்சவங்க மெஷினையே தொட்டிருக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்" என்றாள் நர்சம்மா.

"தொட்டவதான் சிஸ்டர். தெரிஞ்சேதான் விட்டுட்டேன்."

"அப்ப விசாரணையில வந்து சொல்லுங்க. எனக்குப் பழக்கம் பத்தலைன்னு வேலையை விட்டுத் தூக்கப் பாக்குறாங்க."

"கண்டிப்பா சொல்றேன்."

ஆபீசுக்கு வந்ததும் மேனேஜரிடம் அதைச் சொன்னாள். அவர் நிமிரவே இல்லை.

"விசாரணைக்கு நம்ம பதில் நேத்தே போயாச்சு. நிறுத்துற முறையை இன்ஜினியர் சரிபார்த்தாச்சுன்னு."

"எந்த இன்ஜினியர்?"

"வேற யாரு? நீங்கதான். தலையாட்டின அன்னிக்குக் கையெழுத்தும் போட்டீங்களே."

"தப்புன்னு அத்தனை தரம் சொன்னேனே சார்!"

"வாயால சொன்னீங்க. எழுத்துல எங்க?"

போன் அடித்தது. நர்சம்மா.

"உள்ள கூப்பிடப் போறாங்க மேடம். ஒரு இன்ஜினியரே பார்த்துக் கையெழுத்துப் போட்டது, நீ என்ன பேசுறேங்கிறாங்க." குரல் தணிந்தது. "அது நீங்க இல்லையே?"

"நான்தான்."

அங்கே யாரோ நர்சம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் போனை அணைக்கக்கூட இல்லை. நாற்காலி நகரும் சத்தமும், செருப்புச் சத்தமும், கதவு சாத்தும் சத்தமும் இவளுக்குக் கேட்டன.