அண்ணனின் தனித் தட்டு

காசம் என்று சொல்லி நாடு விடுதலையான மெர்டேக்கா நாள் முதல் அண்ணனுக்கு ஊசி போட்டார்கள். காஜா பேராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா அவன் தட்டையும் குவளையையும் கொல்லைப்புறத்தில் தனியே வைத்தாள். சளியில் ஒருமுறைகூடக் கிருமி அகப்படவில்லை.

"பிறகு எப்படி காசம்?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"தோட்டத்து ஆளுங்களுக்கு வேற என்னம்மா வரும்?" என்றார்.

ரப்பர் தோட்ட வேலை எங்கள் தாத்தாவோடு முடிந்தது. அண்ணன் ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை ஆள். நான் கத்திச் சண்டை போட்ட பிறகே எக்ஸ்ரேயில் தெரிந்த கட்டியில் துண்டெடுத்துச் சோதனைக்குச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். இன்று முடிவு வந்தது. நுரையீரலின் மென்திசுவிலேயே முளைத்த அபூர்வப் புற்றுநோய். இதயம்வரை பரவிவிட்டது, இனி அறுக்கவும் முடியாது.

"காசம் இல்லம்மா" என்று வீட்டில் ஆரம்பித்தேன்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "மாரியாத்தா! அப்ப ஒட்டாதுதானே? டேய் வைரவா, உள்ள வாடா! எங்களோட உக்காந்து சாப்பிடு!"

"இன்னும் இருக்கும்மா..."

"படிச்சவ மூஞ்சப் பாரு! நல்ல சேதி கொண்டாந்துட்டு ஏன்டி அழுவுற?"

அண்ணன் என் முகத்தையே பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சோத்தப் போடும்மா," என்றான். "அவ அப்புறமா சொல்லட்டும்."