திமிங்கிலம் பார்த்தவர்கள்

நெய்வேலி சுரங்கத்தில் குமரவேல் பல வருஷமாகக் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆக வேண்டுமானால் இன்ஜினீயர் சக்கரபாணி மேலே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த மனிதருக்கோ ஐப்பசி பிறந்தால் கடல் பறவையும் திமிங்கிலமும் பார்க்கிற பித்து. கடலூர் துறைமுகத்தில் தெரிந்தவனான சைமன்ராஜின் படகைப் பேசி, ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போனான் குமரவேல். முந்திரிக்காட்டு முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்தவனுக்குக் கடல் என்றாலே பயம். என்ன செய்வது, காரியம் ஆக வேண்டுமே.

கரை மறைந்ததும் ஆலாப் பறவைகள் கூட்டமாக வந்தன. சக்கரபாணி கொஞ்சம் பறவை பார்த்தார், நிறைய வாந்தி எடுத்தார். பைனாகுலர் குமரவேல் கைக்கு வந்துவிட்டது. போதும், திரும்பலாம் என்றபோது தூரத்தில் கருப்பாக ஒரு முதுகு அலையில் ஏறி இறங்கியது.

“குமரவேலு, திமிங்கிலம்தானே?” வாந்தியை மறந்து செல்போனில் வீடியோ எடுத்தார்.

குமரவேல் பைனாகுலரில் பார்த்தான். கவிழ்ந்த படகு. அதன்மேல் ஒரு கை அசைந்தது. பறவையின் இறக்கையாக இருக்கும் என்றது மனசு. பாழாய்ப்போன மனசுக்குச் சமாதானம் சொல்லவா தெரியாது?

“ஆமாங்க சார். திமிங்கிலம்தான்.”

இன்ஜினில் குனிந்திருந்த சைமன்ராஜ், “கிட்ட வுடட்டுங்களா?” என்றான்.

“வேணாம்ப்பா, கவுத்துடப் போவுது” என்றார் சக்கரபாணி. வழியெல்லாம் குமரவேலின் தோளைத் தட்டி, “உன் விஷயத்த நான் பாத்துக்கறேன்” என்றபடியே வந்தார். அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைத்தான் சொல்லக் கூசுகிறது.

கரையில் காற்று ஏறியிருந்தது. முதல் நாள் கடலுக்குப் போன மீனவன் கிளமென்ட் திரும்பவில்லை. அவன் மனைவி எவாஞ்சலின் வருகிற படகையெல்லாம் மறித்து விசாரித்துக்கொண்டிருந்தாள். சக்கரபாணிக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? நின்றவர்களிடம் பெருமையாக வீடியோவைக் காட்டினார். எவாஞ்சலினும் எட்டிப் பார்த்தாள்.

“இது எங்க போட்டு. அடியில அந்த ஆரஞ்சு ஒட்டு போடறப்ப நான்தான் புடிச்சிக்கினு இருந்தேன்.”

சைமன்ராஜ் படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தபடி குமரவேலைப் பார்த்தான். “வீடியோவுல சரியா தெரியல. பைனாகுலர் உங்கிட்டதான இருந்துச்சு? மேல ஆள் இருந்துச்சா? இருந்தா இப்பவே போவணும். வெறும் போட்டுன்னா காத்து அடங்கி காலையில இழுத்தாந்துக்கலாம்.”

இருந்தது என்று சொன்னால், பார்த்தும் விட்டுவிட்டு வந்தவன் ஆவான். சக்கரபாணி பக்கத்திலேயே நின்றார். குமரவேல் பைனாகுலரை உறையில் போட்டு மூடினான்.

“நல்லா பாத்தேன். யாரும் இல்ல.”

சைமன்ராஜ் கயிற்றை மறுபடி கட்டினான். எவாஞ்சலின் முகம் தெளிந்தது.

“அப்ப வேற போட்டுக்காரங்க ஏத்திக்கினு போயிருப்பாங்க. ஆண்டவரே!” அவள் குமரவேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “நல்ல சேதி சொன்னீங்கண்ணா. நீங்க நல்லா இருக்கணும்.”